மயிலுக்குச் சிம்பு வைத்துக் கட்டினால் போதாதா?

பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டுக்குக் கால் ஒடிந்தால் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. மூங்கிலைப் பிளந்து நாலு சிம்பு எடுத்து, துணி சுற்றி, இறுக்காமலும் தளர்த்தாமலும் கட்டுவதற்கு ஊருக்கு ஒரு பெரியவர் இருப்பார். மூன்று நான்கு வாரத்தில் அந்த ஆடு மந்தையோடு கிளம்பிவிடும். கொஞ்சம் விந்தி நடந்தாலும் மேய்ச்சலுக்கு ஒன்றும் குறைவில்லை. மனிதர்களுக்கும் புத்தூர் கட்டு இருக்கிறது. கட்டுப் போட்டு எலும்பு கூடியவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது தேறுவார்கள்.

இதே கை வைத்தியத்தை மயிலுக்கும் செய்துபார்க்கிறார்கள். மக்காச்சோளக் காடுகள் நிறைந்த அந்தப் பகுதியில் மயிலுக்குக் குறைவில்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மாவட்டத்தை ஊடறுத்துப் போகிறது. தாழப் பறந்து சாலையைக் கடக்கும் மயில் வண்டியில் அடிபடுகிறது, கம்பியில் மோதுகிறது, நாய் துரத்தக் கிணற்றில் விழுகிறது. அடிபட்டதைத் தூக்கிவந்து, இறக்கையில் சிம்பு வைத்துக் கட்டி, கம்பும் சோளமும் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். எலும்பு கூடவும் செய்கிறது, அதுவும் ஆட்டைவிட வேகமாக. ஆனால் ஒரு மாதம் கழித்து வரும் சேதி பெரும்பாலும் ஒன்றுதான்: “எலும்பு கூடிருச்சுங்க சார், ஆனா பறக்க மாட்டேங்குது.”

கூடிய எலும்பு ஏன் பறக்க உதவவில்லை? ஆட்டின் காலுக்குப் போதுமான வைத்தியம் மயிலின் இறக்கைக்கு ஏன் போதவில்லை?

விடையின் முதல் பாதி சமையலறையிலேயே கிடைக்கும். வளர்ந்த நாட்டுக்கோழியின் கால் எலும்பைக் கடித்தால் உள்ளே மஜ்ஜை இருக்கும், உறிஞ்சிச் சாப்பிடுகிறோம். இறக்கையில் தோளை ஒட்டிய முதல் எலும்பை, அதாவது மேற்கை எலும்பான ஹியூமரஸை, உடைத்துப் பாருங்கள். உறிஞ்ச ஒன்றும் இருக்காது. வெறும் குழல். தோள் பக்கத்து முனையில் ஒரு குழி தெரியும். அந்த வழியாகத்தான் கோழி உயிரோடிருந்தபோது எலும்புக்குள் காற்று போய்வந்தது. மூச்சுமண்டலத்தோடு இணைந்த இத்தகைய எலும்பைக் காற்றெலும்பு என்று சொல்லலாம்.

பறவையின் நுரையீரல் நம்முடையதுபோல் விரிந்து சுருங்குவதில்லை. அதனோடு சேர்ந்து காற்றுப்பைகள் இருக்கின்றன, பெரும்பாலான பறவைகளில் ஒன்பது. மார்பெலும்பு மேலும் கீழும் அசைய, இந்தப் பைகள் துருத்தியாக வேலை செய்து காற்றை நுரையீரல் வழியே தள்ளுகின்றன. பைகளில் ஒன்றின் கிளைதான் தோளைத் தாண்டி ஹியூமரஸுக்குள் நுழைகிறது. எல்லாப் பறவைக்கும் இப்படி இல்லை. நீரில் மூழ்கி இரை தேடும் முக்குளிப்பான் போன்றவற்றில் காற்றெலும்பு பெரும்பாலும் கிடையாது. மூழ்க வேண்டிய உடம்புக்கு எலும்பில் காற்று இருந்தால் தொல்லைதானே.

எலும்புக்கும் மூச்சுக்கும் தொடர்பு இருப்பதைச் சோதித்துக் காட்டியவர் லண்டனில் வாழ்ந்த அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர். அவர் 1774-இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்குப் படித்தால் கொஞ்சம் கொடூரமாகத்தான் தெரியும். ஒரு கோழியின் மேற்கை எலும்பைக் குறுக்கே வெட்டித் திறந்துவைத்தார். பிறகு அதன் மூச்சுக்குழாயைக் கட்டிவிட்டார். கோழி உடனே சாகவில்லை. வெட்டிய எலும்பின் வழியாகவே மூச்சு விட்டது. மூக்கும் வாயும் அடைபட்ட உயிர் கை எலும்பால் சுவாசிக்கிறது என்பதை நம்புவதற்கு அந்தக் காலத்தில் எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்கள்!

இருநூற்றைம்பது ஆண்டுப் பழைய இந்தச் சோதனை இன்று அறுவை மேசையில் உயிர்காக்கும் எச்சரிக்கையாக இருக்கிறது. காயம் மண்ணும் கசடுமாக இருந்தால் மருந்து நீரைப் பீய்ச்சிக் கழுவுவது வழக்கம். உடைந்த ஹியூமரஸின் வாயில் அப்படிப் பீய்ச்சினால் நீர் நேரே காற்றுப்பைக்குப் போகும். பறவை மேசையிலேயே மூழ்கிச் சாகும். வெட்டவெளியில் அடிபட்டுக் கிடக்கும் பறவைக்கும் இதே ஆபத்துதான், திசை மட்டும் வேறு. காற்று எலும்பிலிருந்து வெளியே கசிந்து தோலுக்கடியில் புகுந்துகொள்ளும். தோள்பக்கம் உப்பியிருக்கும், விரலை வைத்து அழுத்தினால் நொறுநொறுவென்று இருக்கும். கட்டுப் போடும் பெரியவர் அதை வீக்கம் என்று நினைத்துப் பத்துப் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆட்டிலும் மாட்டிலும் அப்படி ஒரு வீக்கத்தை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

இங்கே ஒரு கிளைக்கதை. எலும்புக்குள் காற்று வைக்கும் இந்த ஏற்பாடு பறவைகள் கண்டுபிடித்ததல்ல, டைனோசர்களிடமிருந்து வந்தது. நீண்ட கழுத்துள்ள ராட்சத டைனோசர்களின் முதுகெலும்புகளில் காற்றறைகள் இருந்ததற்கான குழிகள் தெளிவாகத் தெரிகின்றன. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒன்று அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்தது. புருகத்காயோசாரஸ் என்று 1987-இல் பெயரிடப்பட்ட அதன் எலும்புகள் பாதுகாக்கப்படாமல் நொறுங்கிப்போனது தனி சோகம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் இன்று அடிபடும் மயில், அந்த மண்ணுக்குள் கிடப்பவற்றின் தூரத்துப் பங்காளி.

சரி, எலும்புக்கு வருவோம். பறவையின் எலும்பு லேசானது என்று பள்ளியில் படித்திருப்போம். அதில் ஒரு திருத்தம் வேண்டும். எலிசபெத் டூமோன்ட் என்ற உயிரியலாளர் 2010-இல் பறவை, வௌவால், எலி வகைகளின் எலும்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பறவை எலும்பின் பொருள் மற்றவற்றைவிட அடர்த்தியாக இருந்தது. மொத்த எலும்புக்கூட்டை எடைபோட்டால், அதே பருமனுள்ள பாலூட்டியினுடையதைவிடப் பறவையினுடையது லேசு என்றும் சொல்ல முடியாது. சுவர் மெல்லியது, ஆனால் அந்தச் சுவர் கெட்டியான சரக்கால் ஆனது. கெட்டிக்கு ஒரு விலை உண்டு. தாங்கும் மட்டும் வளையாமல் தாங்கும். தாங்கமுடியாதபோது கண்ணாடிபோல் சிதறும். ஆட்டின் கால் பெரும்பாலும் இரண்டாக ஒடியும். பறவையின் இறக்கை எலும்போ நாலைந்து சில்லாக உடையும். ஒவ்வொரு சில்லும் பிளேடு. முழங்கைக்குக் கீழே இறக்கையில் சதையென்று சொல்ல அதிகம் இல்லை. தோல் காகிதம்போல் மெல்லியது. சில்லு தோலைக் கிழித்து வெளியே வரும். வெளியே வந்த எலும்பு காற்றுப்பட்டு உலர்ந்தால் அந்தப் பகுதி செத்துவிடும். செத்த எலும்பு கூடாது. பறவை வைத்தியத்தில் மணிக்கணக்கு முக்கியம் என்பது இதனால்தான்.

இனி விடையின் அடுத்த பாதி, என் பார்வையில் முக்கியமான பாதி.

ஆட்டின் கால் எலும்பு சுமக்க வேண்டியது எடையை. விசை மேலிருந்து கீழே எலும்பின் போக்கிலேயே இறங்குகிறது. இறக்கை அப்படியில்லை. பறக்கும்போது முழங்கை சற்று மடங்கியே இருக்கிறது. காற்று தாங்கிப்பிடிப்பது பெரும்பாலும் இறக்கையின் வெளிப்பகுதியை. அந்த விசை மேற்கை எலும்பின் நேர்கோட்டில் விழாமல் பக்கவாட்டில் தள்ளி விழுகிறது. தோள் பக்கத்தில் மார்புத் தசையோ எலும்பின் முன்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முகட்டைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. ஒரு முனை ஒரு பக்கம், மறுமுனை மறுபக்கம். எலும்பு வளைவதோடு முறுக்கவும் படுகிறது.

இது ஊகமல்ல. ஆண்ட்ரூ பீவெனர், கென்னத் டயல் இருவரும் புறாக்களின் மேற்கை எலும்பிலேயே நுண்ணிய திரிபுமானிகளை ஒட்டினார்கள். திரிபுமானி என்பது மெல்லிய உலோகப் பட்டை. ஒட்டிய பரப்பு இம்மியளவு நீண்டாலும் சுருங்கினாலும் அதன் மின்தடை மாறும். மாற்றத்தைக் கம்பி வழியே படித்துக்கொள்ளலாம். பாலங்களிலும் அணைகளிலும் பொறியாளர்கள் பயன்படுத்துவதுதான். அந்தப் புறாக்களைப் பறக்கவிட்டு எடுத்த அளவீடுகள் 1995-இல் வெளிவந்தன. வளைவைவிட முறுக்கே அந்த எலும்பின் பெரிய சுமை என்று அவை காட்டின. குழல் வடிவமும் ஏன் என்று அப்போது விளங்குகிறது. முறுக்கைத் தாங்க ஒரே அளவு சரக்கைக் கொண்டு செய்யக்கூடிய சிறந்த வடிவம், நடுவில் வெற்றிடமுள்ள அகலமான குழல்தான்.

முறுக்கு என்ன செய்யும் என்பதை நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கொல்லையில் பப்பாளி மரம் இருந்தால் ஒரு இலைக்காம்பை வெட்டிவாருங்கள். அதுவும் மெல்லிய சுவருள்ள குழல். நடுவில் ஒடித்து, ஒடிந்த இரண்டு துண்டுகளுக்குள்ளும் போகுமாறு ஒரு விளக்குமாற்றுக் குச்சியைச் செருகிச் சேர்த்துவையுங்கள். பார்க்க ஒழுங்காகச் சேர்ந்துவிட்டதாகத் தெரியும். மடக்கிப் பார்த்தால் குச்சி தடுக்கும். இப்போது ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருகுங்கள். தடையே இல்லாமல் குச்சியைச் சுற்றிச் சுழலும். லேசாக இழுத்தால் பிரிந்தும் வரும்.

முறிந்த எலும்பைச் சேர்க்க மருத்துவர்கள் உள்ளே செருகும் கம்பியின் கதையும் இதுதான். இன்னும் சொல்லப்போனால், வெளியே வைத்துக் கட்டும் சிம்பு அந்தக் குச்சி செய்யும் வேலையைக்கூடச் செய்வதில்லை. மயிலின் மேற்கை எலும்பு மார்புத் தசைக்கு அடியில் தோளோடு ஒட்டிக் கிடக்கிறது. முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளை அசையாமல் நிறுத்த வேண்டும் என்பது கட்டுப் போடுவதன் முதல் விதி. தோள்மூட்டை எந்தச் சிம்பும் எட்டாது. இழுக்கும் தசை இழுத்துக்கொண்டேயிருக்கும். சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஏறிய நிலையிலேயே திருகியபடி கூடிவிடும். எலும்பு ஒரு விரற்கடை குட்டையாகி, கொஞ்சம் சுழன்றும் இருக்கும். ஒரு மாதம் கழித்து வந்த அந்தச் சேதி பொய்யில்லை: கூடித்தான்விட்டது. இறக்கை காற்றை வெட்டும் கோணம் மாறிவிட்டது, அவ்வளவுதான். பறவைக்கு அதுதான் எல்லாமே.

இந்தச் சிக்கலை மருத்துவர்கள் படிப்படியாக அவிழ்த்தார்கள். முதலில் உள்ளே கம்பி. மனித எலும்பு மருத்துவத்தில் பயன்படும் கிர்ஷ்னர் கம்பியே பறவைக்கும் பொருந்துகிறது. வளைவைத் தடுத்தது, சுழற்சியைத் தடுக்கவில்லை. அடுத்து வெளிச்சட்டகம். முறிவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எலும்பில் குறுக்கே ஊசிகளைத் திருகி, தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை ஒரு தண்டில் பிணைப்பது. சாலை விபத்தில் கால் நொறுங்கியவர்களுக்கு வெளியே கம்பிகள் நீட்டியபடி மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதன் சிறு வடிவம். சுழற்சி நின்றது. ஆனால் காகித கனமுள்ள எலும்புச் சுவரில் ஊசிகள் தளர்ந்துவிடுகின்றன.

இரண்டையும் இணைத்தால் என்ன? அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1974-இல் தொடங்கிய வேட்டைப்பறவை மருத்துவ மையத்தில் பேட்ரிக் ரெடிக் வளர்த்தெடுத்த முறை அதைத்தான் செய்தது. உள்ளே போன கம்பியின் வெளிமுனையைச் செங்குத்தாக மடித்து, குறுக்கு ஊசிகளின் முனைகளோடு சேர்த்து ஒரே தண்டாகப் பிணைத்துவிடுவது. இதைப் பிணைப்புச் சட்டகம் எனலாம். உங்கள் பப்பாளிக் காம்பில் இரண்டு துண்டுகளிலும் குறுக்கே ஆளுக்கொரு குண்டூசி குத்தி, குண்டூசிகளையும் உள்குச்சியின் மடித்த நுனியையும் சேர்த்து மெழுகால் ஒட்டிவிட்டுத் திருகிப் பாருங்கள். அசையாது.

பிணைக்கும் தண்டுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுமென்பதில்லை. பல்செட் செய்யும் கடைகளில் இருக்கும் அக்ரிலிக் தூளையும் திரவத்தையும் குழைத்து, ஊசிமுனைகளைச் சுற்றி ஒரு குழாயில் ஊற்றினால் சில நிமிடத்தில் கல்லாகிவிடும். இறுகும்போது கடுமையாகச் சூடேறும் என்பதால் தோலிலிருந்து தள்ளியே ஊற்றவேண்டும். இரும்புத் தண்டைவிட இது லேசு. லேசாக இருப்பது இங்கே பெரிய தகுதி. நோயாளி தன் சட்டகத்தைத் தானேதான் சுமக்க வேண்டும்.

மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், எலும்பைப் பொருத்துவதைவிட அதற்கு முன்னும் பின்னும் செய்வதுதான் நுட்பமாகத் தெரியும். பறவைக்கு முகமூடி வைத்து ஐசோஃபுளுரேன் வாயுவால் மயக்கம் தருகிறார்கள். மயங்கியதும் மார்பை யாரும் கையால் அழுத்திப் பிடிக்கக் கூடாது. பறவைக்கு உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசையாவிட்டால் மூச்சு இல்லை. அடுத்தது இறகுகள். அறுவை செய்யும் இடத்திலுள்ள சிறு இறகுகளைக் கத்தரிக்காமல் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும், செய்வது கருணைதான். பிடுங்கிய இடத்தில் சில வாரத்தில் புது இறகு முளைக்கும். கத்தரித்ததோ, அடுத்த இறகுதிர் பருவம்வரை மொட்டையாகவே நிற்கும். பறப்பதற்கான பெரிய இறகுகளைத் தொடவே கூடாது. அவற்றின் வேர்கள் எலும்போடு ஒட்டியவை. நாட்டுக்கோழி இறக்கையின் நடுத்துண்டில் இரண்டு எலும்புகள் இருக்கும் அல்லவா? தடித்த எலும்பான அல்னாவை உற்றுப் பார்த்தால், பெரிய இறகுகள் பற்றியிருந்த இடங்கள் வரிசையாகத் தெரியும்.

தோலைத் துடைக்க ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றமுடியாது. ஆவியாகி உடம்பைக் குளிர வைத்துவிடும். ரத்தம் சிந்தவும் இடமில்லை. ஒரு புறாவின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 30 மில்லி. பஞ்சில் ஊறிப்போவதையெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டே வேலை நடக்கிறது. மேற்கை எலும்பின் முதுகுப்புறமாக ஒரு நரம்பு குறுக்கே ஓடுகிறது. முறிவே அதை அறுத்திருந்தால், எலும்பை எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும் இறக்கை விரியாது. நல்ல மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன்பே இறக்கை நுனியைக் கிள்ளிப் பார்த்து உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துவிடுவார்.

எல்லா முறிவுக்கும் அறுவை தேவையில்லை. இங்கேதான் கட்டுக்கு நியாயமான இடம் இருக்கிறது. முன்கையில் அல்னா மட்டும் ஒடிந்து, பக்கத்தில் மெல்லிய எலும்பான ரேடியஸ் முழுசாக இருந்தால், இயற்கையே சிம்பு வைத்துக் கொடுத்தமாதிரி. இறக்கையை மடக்கி எட்டு வடிவில் துணிக்கட்டுப் போட்டுக் கூண்டில் ஓய்வு கொடுத்தாலே பெரும்பாலும் நேராகக் கூடிவிடும். இரண்டும் ஒடிந்தால் கம்பிதான். அப்போதும் ஒரு பொறி உண்டு. இரண்டு எலும்பும் கூடும்போது அவற்றுக்கிடையே பாலம்போல் புது எலும்பு வளர்ந்து இரண்டையும் ஒட்டவைத்துவிடலாம். ஒட்டிவிட்டால் பறக்கும்போது அவை ஒன்றையொன்று தாண்டி நழுவ முடியாது.

கட்டை அவிழ்க்காமல் விடுவது இன்னொரு கெடுதல். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையில், இறக்கையின் முன்விளிம்பாக ஒரு தோல்மடிப்பு இருக்கிறது; அதன் ஓரத்தில் ரப்பர்போல் இழுபடும் நாண். இறக்கையை மடக்கியே வாரக்கணக்கில் வைத்திருந்தால் அது சுருங்கிவிடும். பிறகு எலும்பு எவ்வளவு நேராக இருந்தாலும் இறக்கை முழுதாக நீளாது. பாசத்தோடு ஒரு மாதம் அவிழ்க்காமல் வைத்திருந்த கட்டுகள் முடமாக்கிய பறவைகள் எத்தனையோ. இதனால்தான் மருத்துவமனைகளில் வாரத்துக்கு ஓரிரு முறை பறவையை மயக்கி, இறக்கையை மெல்ல நீட்டி மடக்கிப் பயிற்சி தருகிறார்கள். விழித்திருக்கும்போது செய்தால் பறவை திமிறிச் சட்டகத்தையே பெயர்த்துவிடும்.

பறவை எலும்பு கூடும் வேகம் வியக்கவைக்கும். சரியாகப் பொருத்தப்பட்ட எலும்பு மூன்று வாரத்திலேயே உறுதிப்பட்டுவிடும். ஐந்தாறு வாரத்தில் சட்டகம் முழுதும் வெளியே வந்துவிடும். மனிதக் கைக்கு இதில் இருமடங்கு காலமாவது ஆகும். ஒரு வேடிக்கை: விரலால் அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கும், எக்ஸ்ரேயில் மட்டும் முறிவுக்கோடு இன்னும் தெரியும். புது எலும்பில் சுண்ணாம்பு நிறைந்தால்தான் படத்தில் வெள்ளையாகத் தெரியும். உறுதி அதற்கு முன்பே வந்துவிடுகிறது. படத்தை மட்டும் நம்பிச் சட்டகத்தை நீட்டித்துக்கொண்டே போனால் மூட்டு இறுகிப்போகும். கையும் படமும் முரண்பட்டால் அனுபவமுள்ளவர்கள் கையின் பக்கம் சாய்கிறார்கள். சட்டகத்தையும் ஒரே நாளில் கழற்றுவதில்லை. முதலில் உள்கம்பி, சில நாள் கழித்துக் குறுக்கு ஊசிகள். சுமை கொஞ்சம் கொஞ்சமாகப் புது எலும்புக்கு மாறட்டும் என்று.

அப்படியானால் எப்போது குணமாயிற்று என்று சொல்வது? எந்தப் பறவை என்பதைப் பொறுத்தது.

அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து சேரும் இந்த 454 ஹெக்டேர் பறவைகள் சரணாலயத்துக்கு, சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி 2024-இல் கிடைத்தது. குளிர்காலத்தில் அங்கு வரும் விருந்தாளிகளில் வரித்தலை வாத்தும் ஒன்று. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருவது. கருவி பொருத்தி ஆராய்ந்தபோது கடல்மட்டத்துக்கு மேல் 7,000 மீட்டரையும் கடந்து அது பறந்தது பதிவாகியிருக்கிறது. அதன் இறக்கையில் பத்து டிகிரி திருகல் இருந்தாலும் மணிக்கணக்கில் ஒருபக்கம் கூடுதலாக உழைக்க வேண்டும். கரைவெட்டியில் ஏரியைச் சுற்றிப் பறந்து காட்டலாம். மலையைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி.

மயிலின் தேவை வேறு. அது தூரம் போவதில்லை. தரையிலிருந்து வெடித்துக் கிளம்பி மரத்தில் ஏறிவிட்டால் போதும். ஐரோப்பிய ஆய்வுக்குழு ஒன்று ஆர்க்கியாப்டெரிக்ஸ் புதைபடிவத்தைச் சக்திவாய்ந்த எக்ஸ்கதிரால் ஊடுருவிப் பார்த்து 2018-இல் ஒரு முடிவைச் சொன்னது. ஏறக்குறைய பதினைந்து கோடி ஆண்டுக்கு முந்தைய அந்த ஆதிப்பறவையின் இறக்கை எலும்புச் சுவரின் அமைப்பு, நீண்டதூரம் பறப்பவற்றை ஒத்திருக்கவில்லை. திடீரென எழும்பிக் கொஞ்சதூரம் பறந்து இறங்கும் ஃபெசன்ட் போன்றவற்றையே ஒத்திருந்தது. மயிலும் ஃபெசன்ட் குடும்பம்தான். எலும்பின் குறுக்குவெட்டைப் பார்த்தே அந்த உயிர் எப்படிப் பறந்திருக்கும் என்று சொல்லமுடிகிறது என்றால், அந்தக் குறுக்குவெட்டை மாற்றிக் கூடவைத்தால் பறத்தல் மாறாமலா இருக்கும்?

“மயில்தானே, நடந்து மேய்ந்து பிழைத்துக்கொள்ளும்” என்று விடுவிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பகலில் பிழைத்துக்கொள்ளும். நாலைந்து கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு அந்தியில் மரத்தின் உயரக் கிளைக்கு ஏற முடியாத மயிலுக்கு இரவில் தரைதான் படுக்கை. தெருநாயும் நரியும் அதற்குமேல் அதை விடாது. பறவையை விடுவதற்கு முன் மருத்துவர்கள் பெரிய கூண்டிலோ நீண்ட கயிற்றிலோ பறக்கவிட்டுப் பார்ப்பது சடங்குக்காக அல்ல. தேறாத பறவைக்கு உயிரியல் பூங்கா அல்லது வலியற்ற மரணம். சொல்லக் கசப்பாக இருந்தாலும், மூட்டே நொறுங்கி, எலும்பு கருத்து உலர்ந்துபோய் வரும் பறவைக்கு இரண்டாவதுதான் நல்ல வைத்தியம் என்பது என் கருத்து.

நம் நாட்டில் இறக்கைக் காயத்தை அன்றாடம் பார்ப்பவர்கள் தில்லியில் இருக்கிறார்கள். சாந்தினி சௌக்கில் ஜைனக் கோயிலை ஒட்டிய பறவை மருத்துவமனை 1950-களிலிருந்து நடக்கிறது. பட்டத்தின் மாஞ்சா நூலில் சிக்கி விழும் கரும்பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் இரண்டு சகோதரர்களைப் பற்றி 2022-இல் ஒரு ஆவணப்படமே வந்து உலகம் சுற்றியது. நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. பெரம்பலூருக்குத் தலைவாசலிலும் நாமக்கல்லிலும், அரியலூருக்கு ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எக்ஸ்ரே, வாயு மயக்கம், எலும்பு அறுவை மூன்றும் ஒரே கூரையின்கீழ் வேண்டுமென்றால் இத்தகைய இடங்களைத்தான் நாட வேண்டும். உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் முதலுதவி கிடைக்கும். அதையும் தவறவிட வேண்டாம்.

ஆனால் பறவையின் விதியில் பாதியைத் தீர்மானிப்பவர் மருத்துவர் அல்ல. அதைச் சாலையோரத்தில் முதலில் பார்ப்பவர். அந்த ஆள் நீங்களாக இருந்தால் சில விஷயங்கள். பின்னாலிருந்து போய் ஒரு துண்டைத் தலைமேல் போர்த்துங்கள். கண் மறைந்தால் பறவை அடங்கும். இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். மார்பை அழுத்த வேண்டாம். கோழியைக் கட்டுவதுபோல் காலைக் கட்டி வண்டியின் ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிடவே கூடாது. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வையுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போகும். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதுவும் வேண்டாம். மாடுகளுக்குப் போட்ட வலிமருந்தான டைக்ளோஃபெனாக்கால் நம் பாறுக் கழுகுகள் பெருமளவு அழிந்த கதை தெரிந்ததுதான். சிம்பு வேண்டாம். பத்து வேண்டாம். எலும்பு வெளியே தெரிந்தால் உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியை அதன்மேல் போட்டு உலராமல் பார்த்துக்கொண்டால் போதும். எதையும் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். ஏன் என்று ஹண்டரின் கோழி சொல்லியிருக்கிறது.

மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு வீட்டில் வைத்து வளர்த்தாலும் குற்றம்தான். வனத்துறைக்குச் சொல்லிவிட்டால் வழக்குப் பயமும் இல்லை, வண்டியும் கிடைக்கும். சொல்வதை அன்றைக்கே சொல்லுங்கள். முதல் நாளில் வந்த முறிவை இழுத்துப் பொருத்தலாம். ஒரு வாரம் கட்டோடு கிடந்து வந்தால், தசை சுருங்கி, சில்லுகள் ஏறிய நிலையிலேயே ஒட்டத் தொடங்கியிருக்கும். அதை மறுபடி உடைத்துத்தான் மருத்துவர் வேலையைத் தொடங்க வேண்டும்.